உச்சத்திலிருந்து இரண்டு கிளிக்

இன்று காலை பக்கத்து வீட்டு மருமகள் தலைக்கு வைப்பதற்கு ஆமணக்கெண்ணெய் காய்ச்சியிருக்கிறாள். தொலைபேசியில் பேசிக்கொண்டு அடுப்பை மறந்துவிட்டாள். எண்ணெய் கருகிப் புகைந்து, மதிலைத் தாண்டி என் குசினி யன்னலால் உள்ளே வந்தது. நான் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, முதல்ல யன்னலைச் சாத்திப்போட்டு ஓட்டுங்கோ" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் வீட்டில் என்னைத் தவிர எவரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"சாரி ஆன்ட்டி, அடுப்ப மறந்திட்டேன். நாத்தம் அங்க வரைக்கும் வந்திருச்சா?" என்று அந்தப் பிள்ளை மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டாள்.

"நாத்தமில்லைப் பிள்ளை. அது கிடக்கட்டும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? கருகிய ஆமணக்கெண்ணெய்தான் உங்கள் வாசனை. கைக்குள் அடங்கும் அந்தச் சின்ன எஞ்சின்களுக்கு மெதனோலில் ஆமணக்கெண்ணெய் கலந்துதான் ஊற்றுவீர்கள். மாதிரி விமானத்தின் மூக்கில் இருந்துகொண்டு அவை குடித்ததெல்லாம் புகையாகி உங்கள் சேட்டில், கார் இருக்கையில், வரவேற்பறைத் திரைச்சீலைகளில், நான் ஞாயிறு பூசைக்கு உடுத்த சேலைகளின் கரையில் வந்து படியும். எந்தச் சவர்க்காரமும் அதை முழுதாக எடுத்ததில்லை. கல்யாணமான புதிதில் அதற்காக எத்தனை சண்டை பிடித்திருக்கிறேன். நீங்கள் போன பிறகு திரைச்சீலைகளை வெளுக்கக் கொடுத்தேன். இந்தத் தடவை எல்லாம் போய்விட்டது. அன்று வெளுத்தவனை ஏசவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை.

பாணை அப்படியே வைத்துவிட்டு உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கண்டியில் பிறந்தாலும் யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தவள். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். வீட்டில் கதிரைகூடச் சுவருக்கு நேராக நிற்க வேண்டும். நீங்கள் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பார்க்கும் உத்தியோகம். இந்த இரண்டு பேரும் எப்படி ஒத்துப்போவார்கள் என்று இரண்டு வீட்டிலும் கேட்டார்கள். ஒத்துப்போனோமா என்று எனக்கு இன்றும் தெரியாது. உங்கள் எஞ்சின் விஷயத்தில் ஒத்துப்போனோம். அது நிச்சயம்.

அதற்குக் காரணம் நான் கேக் போடும் 'அவன்' அடுப்பு. ஞாபகம் இருக்கிறதா? வானத்தில் பட்டம் தவிர எதையும் ஏற்றக் கூடாது என்றிருந்த அந்த யுத்த வருடங்களில் உங்கள் எஞ்சின்கள் பிஸ்கட் தகரப் பேணிக்குள் கிடந்தன. ஆமணக்கெண்ணெய் உள்ளே காய்ந்து பிசின் போல இறுகிவிட்டது. முன்விசிறியைப் பிடித்துத் திருப்பினால் அசையவில்லை. பலவந்தமாகத் திருப்பினால் உள்ளே தண்டு வளைந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். சூடு காட்டினால் இளகும் என்றும் தெரியும். அந்தச் சூட்டை எங்கே எடுப்பது என்பதை மட்டும் என்னிடம் கேட்கவில்லை. நான் படிப்பிக்கும் பாடசாலையால் வந்தபோது அந்த அடுப்புக்குள் மூன்று எஞ்சின்கள் பிஸ்கட் மாதிரி வரிசையாக வெந்துகொண்டிருந்தன.

"இளகிருச்சு டீச்சரம்மா! வந்து திருப்பிப் பாரு, பட்டு மாதிரி சுத்துது" என்று நீங்கள் சந்தோஷமாகச் சொன்னீர்கள்.

அந்த நத்தார்ப் பண்டிகைக்கு நான் போட்ட கேக்கை வாங்கிச் சாப்பிட்ட சொந்தக்காரர் எல்லாரும் முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினார்கள். நசீர் மட்டும் உண்மை சொன்னான். பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவன், உங்களோடு விமானம் விடுகிறவன். "டீச்சர், கேக்கு நல்லாத்தான் ஈக்கி. ஆனா ரெண்டு துண்டு திண்டா ஸ்டார்ட் ஆகிருவேனோன்னு பயமா ஈக்கி" என்றான்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். என் வீட்டில் இந்த வேலை நடக்கத்தான் போகிறது என்றால் அது ஒழுங்காக நடக்க வேண்டும். எனாமல் தட்டு ஒன்று கொடுத்தேன். கழற்றும் ஆணி எல்லாம் கழற்றிய வரிசையில் அதில் இருக்க வேண்டும். எரிபொருளை நீங்கள் பஞ்சில் வடிப்பதைப் பார்த்துவிட்டு அதை நிறுத்தினேன். பஞ்சின் நார் ஒன்று போதும், எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகின் வாயை அடைக்க. நத்தாருக்கு வைன் வடிக்கும் மெல்லிய மல் துணியை மடித்து அதில் வடிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு உங்கள் எஞ்சின் காரணமில்லாமல் நிற்பது பாதியாகக் குறைந்தது. நீங்கள் அதை நசீரிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

உங்களிடமிருந்து நான் கற்ற ஒழுங்கும் ஒன்று உண்டு. எஞ்சின் நோயில் விழுந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிளக்கையும் எரிபொருளையும் ஒன்றாக மாற்றிவிட்டு அது ஓடினால், எது பிழை என்று கடைசிவரை தெரியாது. "ஓடுனா போதும்னு நெனைக்கிறவன் நாளைக்கு நடுவானத்துல நிப்பான்" என்பீர்கள். பாடசாலையில் பிள்ளைகளின் பாட்டைத் திருத்தும்போதும் நான் அப்படித்தான் செய்தேன்.

எனக்குச் சங்கீதம் சொல்லித் தந்த சிஸ்டர் எங்களைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு பியானோவில் ஒரு கட்டையை அழுத்துவார். அது எது என்று சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் முழங்காலில் நிற்க வேண்டும். அந்தக் காது எனக்கு எஞ்சினுக்கு உதவும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். பின் வளவில் மர மேசையில் பூட்டி நீங்கள் ஓட்டும்போது, குசினியில் நின்றபடியே அது எந்தச் சுரத்தில் பாடுகிறது என்று எனக்குத் தெரியும். நன்றாக ஓடும் நாளில் நடு 'சி'க்குக் கீழே உள்ள 'ஜி'. ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே, "உங்கட எஞ்சின் இறங்குது" என்று கத்தினேன். நீங்கள் ஏதோ பதில் சொல்ல வாயெடுக்க, அது நின்றுவிட்டது. ஸ்பானருடன் குசினி வாசலுக்கு வந்தீர்கள்.

"எப்புடித் தெரிஞ்சுச்சு?"

"காது கிடக்குதெல்லோ."

"எனக்குந்தான் கெடக்கு."

உண்மைதான். உங்களுக்கும் நல்ல காது இருந்தது. தொழிற்சாலை வாசலில் இறங்கும்போதே எந்த இயந்திரத்தின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய காது. ஊசித் திருகை நீங்கள் திருப்பும் விதத்தை நான் எத்தனையோ தரம் பார்த்து நின்றிருக்கிறேன். முதலில் திறந்துவிடுவீர்கள். எரிபொருள் கூடிப்போய் எஞ்சின் கமறும், புகை கக்கும், குரல் தாழ்ந்து கிடக்கும். பிறகு ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டு வருவீர்கள். குரல் ஏறும், கூர்மையாகும், உச்சத்தைத் தொடும். அதற்கு மேலும் மூடினால் எரிபொருள் போதாமல் சூடேறி, குரல் சரிந்து, நின்றுவிடும். அந்த உச்சத்தைத் தொட்டதும் உங்கள் விரல் திரும்பி வரும். "உச்சத்துல நிப்பாட்டாத. ரெண்டு கிளிக் கீழ எறக்கி வை. மேல போறப்ப அதுக்கு வேணும்" என்பீர்கள். விமானத்தின் மூக்கை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக் கேட்பீர்கள். குரல் சரியாமல் நின்றால்தான் பறக்க விடுவீர்கள்.

அந்தக் காதைத் தொழிற்சாலைதான் தந்தது. தொழிற்சாலையே பிறகு மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. உருளைகளின் இரைச்சலில் கழிந்த வருடங்கள் அவை. நீங்கள் கவனிக்கவில்லை. நானும் முதலில் கவனிக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஞாயிறுதோறும் பிலிமத்தலாவைக்கு அப்பால் வயல்களுக்கு நடுவில் இருந்த அந்த மைதானத்துக்குப் போவோம். நான் பூசை முடிந்து அதே சேலையோடு வருவேன். குடையைப் பிடித்துக்கொண்டு உங்கள் மடக்குக் கதிரையில் இருந்து பார்ப்பேன். நீங்கள் எப்போதும் ஒருவித எரிச்சலோடு வாழ்ந்தவர். மைதானத்தில் மட்டும் அந்த எரிச்சல் உங்களில் இருக்காது. அதனால்தான் வந்தேன் என்று உங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு எஞ்சின் நடுவானத்தில் நிற்கத் தொடங்கியது. மேலேறும்போது குரல் சரிந்து, ஓய்ந்து, விமானம் வெறும் மரமாகக் கீழே வரும். முதல் தடவை வயலில் விழுந்தது. நீங்கள் பிளக்கைக் குறை சொன்னீர்கள். மறுதரம் வேலியில் விழுந்தது. கண்டி ஈரத்தில் எரிபொருள் தண்ணீர் இழுத்துவிட்டது என்றீர்கள். மூன்றாம் தரம் மைதானத்தின் மறுகரையில் கிரிக்கெட் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவில் வந்து இறங்கியது. விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற பிள்ளை குனிந்ததால் தப்பியது. அதன் தாய் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

எங்கள் சிறிய சங்கத்தின் செயலாளர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிங்களப் பெரியவர், அளந்து பேசுகிறவர். உங்களை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்ச் சிங்களத்தில் சொன்னார். அடுத்த ஞாயிறு அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அன்றைக்கு எஞ்சின் வானத்தில் ஒருதரம் நின்றாலும் அதோடு நீங்கள் பறக்க விடுவதை நிறுத்திவிட வேண்டும். வரலாம், பார்க்கலாம், ரிமோட்டைத் தொடக் கூடாது. அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அந்த ஒரு ஞாயிறும் தந்திருக்க மாட்டேன்.

காரில் திரும்பும்போது நசீர், "ஐயா, கொழும்பில சுத்து எண்ணுற மீட்டர் ஒண்டு ஈக்கி. விசிறிக்கு முன்னுக்குப் பிடிச்சா நம்பர் காட்டும். எடுத்துத் தரட்டா?" என்று கேட்டான்.

"நம்பரப் பாத்து ஓட்றதுக்கு எங்கப்பாதான் கணக்கப்பிள்ளை. நான் இல்ல" என்றீர்கள். நசீர் சிரித்தான். உங்கள் கழுத்து சிவந்திருந்ததை நான் பின் இருக்கையிலிருந்து பார்த்தேன்.

அந்தக் கிழமை நானும் நீங்களும் எனாமல் தட்டுக்கு முன்னால் இருந்தோம். உங்கள் ஒழுங்குப்படியே பார்த்தோம். ஒரு நேரத்தில் ஒன்று. புதுப் பிளக் போட்டு, மற்ற எதையும் தொடாமல் ஓட்டினோம். நின்றது. புதிதாகக் கலந்து வடித்த எரிபொருள். நின்றது. எரிபொருள் தாங்கியைக் கழற்றித் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஊதினேன், குமிழி வரவில்லை. குழாயில் ஓட்டை இல்லை. விசிறியைக் கையால் திருப்பினால் அழுத்தம் வைரம் போல இருந்தது. ஒவ்வொரு தரமும் ஊசித் திருகை நீங்கள்தான் வைத்தீர்கள். ஒவ்வொரு தரமும் நான் அந்தக் குரலைக் கேட்டேன். அது உச்சத்தைத் தொட்டது, தாண்டியது, கூர்மையில் ஒரு சிறு நடுக்கம் வந்தது. உங்கள் விரல் திரும்பவில்லை. இன்னும் மூடிக்கொண்டே போனது.

கீழ்க் குரல் உங்களுக்குக் கேட்டது. மேலே இருந்த கூர்மைதான் கேட்கவில்லை. உச்சத்தில் பாடும் எஞ்சின் உங்கள் காதுக்கு இன்னும் மந்தமாகவே இருந்தது. ஏறட்டும் என்று மூடினீர்கள்.

"ப்ளக்தான் சரியில்ல" என்றீர்கள்.

"புதுப் பிளக். இப்ப போட்டனீங்கள்."

"அப்ப எண்ணெய்."

"துணியில வடிச்சது நான்."

"டேங்க்?"

"தண்ணிக்க விட்டுப் பாத்தாச்சு."

"அப்ப என்னதான் மிச்சம்?"

நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள். ஒவ்வொரு சாமானாகப் பார்த்துக்கொண்டு வந்து, தட்டு முடிந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். ஸ்பானரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தீர்கள்.

"நானா?"

"ஓம்."

வேறு ஒருத்தியாக இருந்தால் சுற்றி வளைத்திருப்பாள். எனக்கு வராது. நீங்கள் வெகுநேரம் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். எண்ணெய் போன பிறகும் துடைத்தீர்கள்.

"நல்ல பொம்பள. ரெண்டே எழுத்துல சோலிய முடிச்சிட்ட" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்து ஒரு கருவி தந்தார்கள். வீட்டில் அது பரவாயில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் போனதும் அது தன்பாட்டில் கூவியது. அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மேசைக்கு மற்றப் பக்கம் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"வாலப் புடிச்சிக்க. எனக்கு நேரா நில்லு."

விமானம் ஓடிவிடாமல் இறக்கைக்குப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். வழக்கமாக நசீர் பிடிப்பான். நான் பிடித்தேன். எஞ்சின் ஓடத் தொடங்கியது. நீங்கள் ஊசித் திருகில் விரலை வைத்துக்கொண்டு, எஞ்சினைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தீர்கள். என்ன அடையாளம் காட்ட வேண்டும் என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. குரல் ஏறியது, என் முகத்தில் நாடி தானாக மேலே நிமிர்ந்து ஏறியது. உச்சத்தில் நின்றது, நானும் நின்றேன். அது தாண்டும் முன்பே என் முகத்தில் என்ன வந்ததோ எனக்குத் தெரியாது. உங்கள் விரல் திரும்பி வந்தது. இரண்டு கிளிக். மூக்கைத் தூக்கினோம். குரல் அசையவில்லை.

உள்ளே நினைப்பதை முகத்தில் காட்டுவது கீழ்மை என்றுதான் எங்களுக்கு மடத்தில் சொல்லித் தந்தார்கள். என் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, தபால்கந்தோரில் முத்திரை வாங்க நிற்கிறவள் மாதிரி இருக்கிறாய் என்று நீங்களே சிரித்திருக்கிறீர்கள். அந்த முகத்தை எனக்கு எதிரே நின்று ஒருவர் எழுத்தெழுத்தாக வாசித்தது அந்தக் கிழமைதான் முதல் தடவை. எனக்குக் கூச்சமாக இருந்தது. திருப்பிக்கொள்ள முடியாது. திருப்பினால் எஞ்சின் எரிந்துபோகும்.

அந்த ஞாயிறு நல்ல வெயில். நான் பூசைக்குப் போனேன். என்ன பிரசங்கம் என்று தெரியாது. மைதானத்தில் கிரிக்கெட் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தத் தாயும் ஒரு பக்கமாக நின்றாள். செயலாளர் தொப்பியோடு எங்களுக்குப் பின்னால் நின்றார். நான் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு புல்லில் முழங்கால் போட்டு வாலைப் பிடித்தேன்.

"என்ன டீச்சர், ப்ரமோஷன் கிடைச்சிட்டா?" என்றான் நசீர்.

"உம்மட வேலை போயிட்டுது. போய்க் கதிரையில இரும்" என்றேன்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்து ஊசித் திருகை வைத்தீர்கள். இரண்டு தரம் ஏற்றினீர்கள், இரண்டு தரம் அழகாக இறக்கினீர்கள். மேலே போன பிறகு நீங்கள் விமானத்தைப் பார்க்க வேண்டும். என் முகத்தைப் பார்க்க முடியாது. ஆகவே உங்கள் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேருக்கு முன்னால் அப்படி நின்றது எனக்கு அதுவே முதல் தரம்.

மூன்றாம் தரம் மேலே போனபோது மலைப் பக்கமிருந்து முகில் இறங்கியது. வெயில் மறைந்து குளிர்காற்று அடித்தது. குளிர்ந்த காற்றுக்கு எரிபொருள் கூட வேண்டும். வெயிலில் வைத்த அளவு அதற்குப் போதாது. இதெல்லாம் நான் பிறகு யோசித்தது. அந்த நேரம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: 'ஜி' அதன் இடத்தில் இல்லை. ஒரு மயிரிழை கீழே.

பிள்ளைகளின் தலைக்கு மேலால் வளைந்து வந்துகொண்டிருந்தது விமானம். உங்கள் தோளை அழுத்தினேன்.

உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அங்கே நின்ற ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் பிழையாகக் கேட்டிருந்தால் உங்கள் ஞாயிறுகளை நானே கெடுத்தவளாவேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேகத்தைக் குறைத்து, பிள்ளைகளை விட்டு விலக்கி, வயல் பக்கமாக வளைத்துக் கொண்டுவந்து இறக்கினீர்கள். புல்லில் வந்து நின்றபோது எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னத்துக்கு ஐயா எறக்கினீங்க? சும்மா பாடிட்டு வந்துச்சே!" என்று நசீர் ஓடிவந்தான். செயலாளரும் அதையே கேட்டார்.

"டீச்சரம்மா சொன்னா" என்றீர்கள்.

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் குனிந்து விமானத்தைத் தூக்கி, முழு வேகம் கொடுக்கச் சொல்லி, மூக்கை வானத்துக்குப் பிடித்தேன். குரல் தள்ளாடியது, சரிந்தது, என் கையிலேயே நின்றுவிட்டது. அந்த அமைதியில் கிரிக்கெட் பந்து மட்டையில் படும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

செயலாளர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். நோனா, அதாவது நான், இல்லாமல் இவர் பறக்க விடக் கூடாது, நோனா வந்தால் விடலாம் என்றார். நீங்கள் நசீரிடம், "என்ன சொல்றாரு?" என்று கேட்டீர்கள். அவன் உங்கள் காதுக்குள் கத்திச் சொன்னான்.

"அவ இல்லாம நான் எங்கய்யா விட்டேன்?" என்றீர்கள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. எல்லாம் ஒரே மாதிரியான நல்ல ஞாயிறுகள். பறந்து முடிந்ததும் தாங்கியை வடித்து, எஞ்சினுக்குள் துளி எண்ணெய் விட்டு, விசிறியைக் கையால் சுற்றி, துணியில் சுற்றி வைப்போம். உங்கள் காது இன்னும் போயிற்று. வீட்டில் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன், தேவைப்படவில்லை. தேத்தண்ணியா கோப்பியா என்பதை நீங்கள் என் புருவத்திலிருந்து எடுத்துக்கொண்டீர்கள். இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. வாய் ஓயாத ஒரு வீட்டில் வளர்ந்தவள், பேச்சில்லாத அந்த வருடங்களில்தான் அதிகம் பேசினேன்.

பிறகு ஆஸ்பத்திரி.

டொக்டர் உங்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதைப் பண்பான ஆளாகப் பண்பாகவே சொன்னார். உங்களிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார் என்றார். மெல்போனிலிருந்து மகனும் தொலைபேசியில், "அம்மா, அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று அழுதான். உங்கள் காதுக் கருவி மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஒரு சத்தமும் உங்களை எட்டாது. அவர்கள் நினைத்தார்கள், சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாது என்று.

டொக்டர் பேசி முடித்துப் போகும்வரை நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மைதானத்தில் பார்ப்பது போலவே, ஊசித் திருகில் விரல் இருப்பது போலவே பார்த்தீர்கள்.

யன்னல் பக்கம் திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைக்கலாம். மடத்து முகத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்த மைதானத்தில் ஒரு தரமாவது நான் கேட்டதற்கு மாறாக உங்களுக்குக் காட்டியிருந்தால் நீங்கள் என்னை அதற்குப் பிறகு நம்பியிருப்பீர்களா? நான் திரும்பவில்லை. கேட்டதைக் கேட்டபடி முகத்தில் விட்டேன்.

நீங்கள் அதை வாசித்தீர்கள்.

"ரெண்டு கிளிக் எறக்குனா போதுமா?" என்றீர்கள்.

நான் தலையசைத்தேன், இல்லை என்று.

நீங்கள் கையை நீட்டினீர்கள். அந்தக் கை எண்ணெய் இல்லாமல் அவ்வளவு சுத்தமாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சரி. அப்ப எறக்கிருவோம், டீச்சரம்மா" என்றீர்கள். உங்கள் குரலில் எரிச்சல் இல்லை.

மகனுக்கு இதை நான் சொல்லவில்லை. அப்பா ஒன்றும் அறியாமல் நிம்மதியாகப் போனார் என்று அவன் எல்லாரிடமும் சொல்கிறான். நீங்கள் நிம்மதியாகப் போனீர்கள் என்பது உண்மை. அறியாமல் போகவில்லை.

போன மாதம் நசீர் வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டானாம். "டீச்சர், புது எஞ்சின் ஒண்டு எடுத்தேன். எங்கட காதுக்குப் புடிபட மாட்டேங்குது. ஒருக்கா வந்து கேட்டுத் தாங்களேன்" என்றான். மறுப்பதற்கு எனக்கு நல்ல காரணங்கள் இருந்தன. முழங்கால் மடங்காது. வெயில் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் பூசை முடிந்து போனேன்.

அவன் எனக்காகக் கதிரை போட்டிருந்தான். நான் கதிரையில் இருக்கவில்லை. வாலைப் பிடித்தேன். அவன் எஞ்சினைத் தட்டிவிட்டு ஊசித் திருகை மூடிக்கொண்டு வந்தான். குரல் ஏறியது. காது கேட்கிற எல்லாரையும் போல அவன் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான். "ம்" என்று வாயால் சொன்னேன், விரலைத் திருப்பினான். சரியாகிவிட்டது. எஞ்சின் நன்றாகப் பாடியது. நசீருக்குச் சந்தோஷம்.

எனக்கு எதிரே, புகைக்கு அந்தப் பக்கம், வெறும் புல். அங்கே என்னைப் பார்க்க ஒருவரும் இல்லை. குரல் ஏறும்போது நாடி ஏறியது, நின்றபோது நின்றது. என் முகம் தன்பாட்டில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்தது.